அக்கா, பை இருக்கா?

நம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஒரு ரப்பர் பை தொங்குகிறது. சுடுதண்ணீர் ஊற்றி வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளும் பை. வாங்கியபோது நல்ல சிவப்பு. இப்போது பழைய வற்றல் மிளகாயின் நிறம். கழுத்துப் பக்கம் வெடித்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் ஒழுகும். போன வாரம் வீடு கழுவும்போது சின்னவள் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அம்மா அதை எடுத்துத் துடைத்து மறுபடியும் அதே ஆணியில் மாட்டினாள். "எதுக்கும்மா இந்த ஓட்டைப் பை?" என்று சின்னவள் கேட்டாள். "அது உங்க மாமாவோடது," என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு மேல் அவள் சொல்ல மாட்டாள். அதனால் உங்கள் இருவருக்கும் அப்பா நான் எழுதுகிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே வாரத்தில்தான் சின்னவளின் முழங்கால் வீங்கியிருந்தது நமக்குத் தெரியவந்தது. விளையாட்டுப் போட்டியில் ஓடவேண்டும், சொன்னால் டீச்சர் பெயரை வெட்டிவிடுவார் என்று நீண்ட பாவாடை போட்டு மறைத்திருக்கிறாள். நான் திட்டவில்லை. திட்டினால் அடுத்த தடவை இன்னும் நன்றாக மறைப்பாள். நான் மூன்றாம் படிவம் வரை படித்தவன், தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எனக்கு அழகாக எழுத வராது. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வரும். உங்கள் மாமா வலியோடு எப்படி வாழக் கற்றுக்கொண்டார் என்பதை நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. அப்போது இதே ஜெலுத்தோங் அடுக்குமாடியில் நமக்கு இரண்டு மாடி கீழே தனியாக இருந்தார். பள்ளி வேன் ஓட்டினார். பெரியவள் ஆரம்பப் பள்ளிக்கு அந்த வேனில்தான் போனாள். சின்னவள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். காலையில் கீழே வந்து நின்று ஹாரனை இரண்டு தடவை செல்லமாகத் தட்டுவார். அதற்கும் பெரியவள் இறங்கவில்லை என்றால் தலையை வெளியே நீட்டி, "மகாராணி, இறங்கி வாங்க லா! யானைக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன், அது வர்ற வரைக்கும் இந்தக் காடியில ஏறிக்குங்க!" என்று மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். வேனில் வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். முதலாளி மாதிரி உட்காரும் ஒருவன் தவுக்கே, ஒருத்தி இன்ஸ்பெக்டர், எப்போதும் தூங்கி வழிகிற ஒருவன் வாட்ச்மேன். பிள்ளைகளின் பெரிய பெரிய புத்தகப் பைகளை அவரே இறங்கித் தூக்கி உள்ளே அடுக்குவார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் பாட்டு ஆரம்பமாகும், மாமாவும் சேர்ந்து பாடுவார். அந்த வேன்தான் அவருக்கு வீடு, குடும்பம், கௌரவம் எல்லாம்.

வலி முதலில் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றில் தொடங்கி, உள்ளே துளைத்துக்கொண்டு முதுகுக்குப் போகும் வலி. "காத்துப் புடிச்சிருக்கு," என்பார். கோடாலித் தைலத்தைத் தடவிக்கொள்வார். நாசி கண்டார் சோற்றுக் கடையில் குழம்பைக் குறைத்துப் பார்த்தார், இஞ்சித் தண்ணீர் குடித்துப் பார்த்தார். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக் கணையம் என்றார்கள். வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்காகப் படுத்திருக்கிற உறுப்பு அது. நாம் சாப்பிடுவதைக் கரைக்கும் சாறு அங்கேதான் ஊறுகிறது. அந்தச் சாறு ஓடும் குழாயில் மாமாவுக்குக் கல் சேர்ந்து, கணையம் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகிக்கொண்டிருந்தது. தழும்பை அழிக்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம், வலியைக் குறைக்கலாம் என்றார்கள்.

நோயை விடவும் நோயின் பெயர்தான் அவரை அதிகமாகக் குத்தியது. கணையம் கெட்டுப்போனால் குடிகாரன் என்று ஊர் முடிவு கட்டிவிடும். மாமா பீர் கூடத் தொட்டதில்லை. அவருடைய அப்பா, அதாவது உங்கள் தாத்தா, சம்சு சாராயம் குடித்தே போனவர். அந்த வாசனை வந்தாலே மாமா எழுந்து போய்விடுவார். குடிக்காதவர்களுக்கும் இது வரும், சிலருக்கு ஏன் வந்தது என்று எங்களாலேயே சொல்ல முடிவதில்லை என்று டாக்டர்களே சொன்னார்கள். ஆனால் டாக்டர் சொன்னதைத் தாளில் எழுதி முதுகில் ஒட்டிக்கொண்டா நடக்க முடியும்? அதனால் மாமா நோயையே நம்மிடம்கூடச் சொல்லாமல் மறைத்தார். நோயை மறைக்க வேண்டுமானால் வலியை மறைக்க வேண்டும். "தாஹான் பண்ணிக்கிறேன்," என்பதுதான் அவர் வாயில் எப்போதும் வரும். பொறுத்துக்கொள்கிறேன் என்பதற்கு நம் ஊரில் எல்லாரும் சொல்லும் மலாய் வார்த்தை. அதை அவர் ஒரு வீரம் மாதிரி சொல்வார்.

அந்த ரப்பர் பை அவருடைய இரகசியக் கூட்டாளி. வேன் ஓட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிச் சட்டைக்கு உள்ளே வைத்துக்கொண்டு, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்துவிடுவார். குனிந்தால்தான் அந்த வலி கொஞ்சம் விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே சட்டையைக் கழற்றிவிட்டு வேன் கழுவிக்கொண்டிருந்தார். பசாரிலிருந்து திரும்பிய அம்மா அவருடைய வயிற்றைப் பார்த்துக் காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டாள். தோல் முழுக்கப் பழுப்பு நிறத்தில் வலை வலையாகக் கோடு, மீன்வலையைச் சூடாக்கி ஒட்டி எடுத்த மாதிரி. சூட்டைத் தினமும் நேராகத் தோலில் வைத்து வைத்து வந்த அடையாளம் அது. அந்த நிமிடம் வரைக்கும் தம்பிக்கு எப்போதாவது வயிறு வலிக்கும் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள்.

அவள் நேராக மாமா வீட்டுக்குள் போய் அந்தப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மாமா ஈரக் கையோடு பின்னாலேயே ஓடி வந்தார்.

"அக்கா, அதக் கொடு. அது இல்லாம முடியாது."

"இனிமே இது என் வீட்டுலதான் இருக்கும். வேணும்னா மேல வந்து கேளு. துண்டுல சுத்தி, பதமான சூட்டுல நான் தர்றேன்."

"வலியில ரெண்டு மாடி எப்படிக்கா ஏறுறது?"

"லிஃப்ட் இருக்குல்ல."

"லிஃப்ட் கெட்டுப்போயி எத்தன நாளாச்சு!"

"அப்ப கீழருந்தே கத்து. 'அக்கா, பை இருக்கா'ன்னு கத்து. ஊருக்கே கேக்கட்டும். புள்ளைங்கள எறங்கச் சொல்லிக் கத்தத் தெரியுதுல்ல?"

பையை எங்கே மாட்டுவது என்று அம்மா சுற்றும்முற்றும் பார்த்தாள். நான் சுத்தியலை எடுத்து இந்த ஆணியை அடித்தேன். அன்றையிலிருந்து அதுதான் ஏற்பாடு. முதல் வாரம் முழுக்க மாமா கேட்கவில்லை. ரோஷம். அதற்குப் பிறகு ஒரு மாலை வாசலில் வந்து நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அக்கா... பை இருக்கா?" என்றார். கோவில் வரிசையில் வெளிப்படையாக அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆண் இவ்வளவு மெதுவான குரலில் உதவி கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா தண்ணீரைச் சுட வைத்தாள்.

மாமா வாயைத் திறந்த பிறகுதான் வழியும் திறந்தது. ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனியாக ஒரு கிளினிக் இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். பலமான வலி மருந்து எதையும் வாங்கக் கூடாது என்று மாமா முன்கூட்டியே முடிவோடு இருந்தார். "அதப் போட்டா தூக்கம் வரும் மச்சான். என் முதுகுக்குப் பின்னால ஊரார் புள்ளைங்க ஒக்காந்திருக்கு. வேன் வேணும்னா மாத்திர கிடையாது. மாத்திர வேணும்னா வேன் கிடையாது. அவ்வளவுதான் கணக்கு," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பிள்ளைகளின் உயிரை நினைத்துச் சொன்னது சரிதான். ஆனால் வலியில் கண் இருட்டுகிறவன் ஓட்டுவது மட்டும் பத்திரமா என்பதை அவர் யோசிக்கவில்லை.

மிஸ்ஸி, அதாவது நர்ஸ், முதலில் வந்து, வலிக்குப் பத்தில் எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டார். மாமா முழங்காலில் நெற்றி படுகிற மாதிரி மடங்கி உட்கார்ந்திருந்தார். அப்படியே, "நாலு," என்றார். அப்போது உள்ளே வந்த டாக்டரம்மா, மலாய்க்காரர், நின்று பார்த்தார். "நாலுன்னா ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டார். "இப்படி உட்கார்ந்தாத்தான் நாலு, டாக்டர்," என்றார் மாமா. டாக்டரம்மா சிரித்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எண் இருக்கட்டும். இந்த வலி உங்ககிட்டேருந்து எதை எடுத்துக்கிட்டுப் போச்சு, அதைச் சொல்லுங்க," என்றார்.

மாமா முழங்காலிலிருந்து நெற்றியை எடுத்தார். பிறகு, "புள்ளைங்க பைய இப்பல்லாம் நான் தூக்குறதில்ல. அவங்களே தூக்கிக்கிறாங்க," என்றார். அதோடு, "சிக்னல்ல நிக்கும்போது நாங்க பாடுவோம் டாக்டர். இப்ப அவங்க பாடுனா நான் வாய மூடுங்கன்னு கத்துறேன். அன்னைக்கு ஒரு புள்ள அழுதுடுச்சு," என்றார். இதை அவர் அக்காவிடம் கூடச் சொன்னதில்லை.

டாக்டரம்மா அளந்து பேசுகிறவர். வலியைச் சுத்தமாக இல்லாமல் ஆக்குகிறேன் என்று சொல்லவில்லை. நீங்கள் மறுபடியும் பையைத் தூக்க வேண்டும், சிக்னலில் பாட வேண்டும், அதற்கு எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவு குறைப்போம் என்றார். வலி ஏறி உச்சிக்குப் போன பிறகு மாத்திரையைத் தேடி ஓடாமல், சாதாரண மாத்திரையை நேரத்துக்கு ஒழுங்காகப் போடச் சொன்னார். நரம்பில் ஊறிப்போன வலிக்கு இரவில் ஒரு மாத்திரை, மிகக் குறைந்த அளவில். அதைப் பள்ளி விடுமுறையில் தொடங்கச் சொன்னார். காலையில் மந்தமாக இருக்கிறதா என்று வண்டி ஓட்டாத நாட்களில் பார்த்துக்கொள்ளலாமே. பலமான மாத்திரை மோசமான நாளுக்கு மட்டும், அன்று வண்டியைத் தொடவே கூடாது. கொழுப்பைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். கணையம் சுரக்காத சாற்றுக்குப் பதிலாக ஒரு குளிகை உண்டு. அதை வெறும் வயிற்றில் போட்டுப் பயனில்லை. முதல் வாய் சோற்றோடும் பாதிச் சாப்பாட்டிலும் போட வேண்டும், அப்போதுதான் சோற்றோடு கலந்து வேலை செய்யும். கடைசியாக மாமாவின் சட்டைப் பையைப் பார்த்தார். "குடிக்கிறதில்லைன்னு சொன்னீங்க, நம்புறேன். அது என்ன?" சிகரெட். குடிக்கு அடுத்தபடி கணையத்துக்கு எதிரி அதுதான், வலியை அது ஊட்டி வளர்க்கிறது என்றார்.

"சிகரெட் இல்லாம நான் எப்படி டாக்டர்?" என்றார் மாமா. "வலி மட்டும் வேணுமா?" என்றார் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது மாமாவின் முகம் தெளிந்திருந்தது. "மச்சான், அந்தம்மா சொல்றது என்னான்னா, வலி நம்ம வீட்டுல குடியிருக்கட்டும். ஆனா பின்கட்டுல வாடகைக்கு இருக்கணும். ஹால்ல வந்து டிவி ரிமோட்ட எடுக்கக் கூடாது," என்றார். நான் அன்று சிரித்தேன். இன்றைக்கும் அந்த நோயைப் பற்றி அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேனில் சிகரெட் சாம்பல் போடும் கிண்ணம் ஆசாம் பழக் கிண்ணமாக மாறியது. கை சிகரெட்டைத் தேடும்போதெல்லாம் ஓர் உப்புப் பழத்தை வாயில் போட்டுக்கொள்வார். பிள்ளைகள் திருடித் தின்பார்கள். "இன்ஸ்பெக்டரே திருடுனா நான் எங்க போயி ரிப்போர்ட் குடுக்குறது?" என்பார். இரண்டு தடவை சிகரெட்டுக்குத் திரும்பிப் போனார், மூன்றாவது தடவை விட்டது விட்டதுதான். கன்னம் கொஞ்சம் நிறைந்தது. பையைக் கேட்டு மேலே வருவது குறைந்தது. ஒரு நாள் பெரியவள் வீட்டுக்கு வந்து, "மாமா இன்னைக்கு சிக்னல்ல பாடுனாரு, ரொம்பக் கேவலமா இருந்துச்சு," என்று சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, என்ன பாட்டு என்று கேட்டாள்.

அதன் பிறகு தைப்பூசம் வந்தது. வலி குறைந்து வண்டி ஓட்ட முடிந்தால் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று மாமா வேண்டியிருந்தார். அந்த வருடம் விரதம் தொடங்கினார். கவிச்சி இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு. சைவம்தானே, வயிற்றுக்கு நல்லதுதானே என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். பையைக் கேட்டு அவர் வரவேயில்லை. முருகன் கண் திறந்துவிட்டான் என்று அம்மா சொன்னாள்.

எங்களுக்குத் தெரியாமல் நடந்தது வேறு. விரதக்காரர்கள் கூடிய இடத்தில் யாரோ ஒருவர், அந்தக் குளிகை எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா, பன்றியின் கணையத்திலிருந்து என்று சொல்லியிருக்கிறார். சொன்னது உண்மைதான். மாமாவுக்கு அது தெரியாது. விரத உடம்பில் அதை எப்படி விழுங்குவது என்று அன்றோடு நிறுத்திவிட்டார். பகல் முழுக்க வெறும் வயிறு. மாலையில் ஒரே வேளையாக, பூசை வீடுகளில் நெய்ச் சாதமும் தேங்காய்ப்பால் பாயசமும். கரைக்கிற சாறும் இல்லை, குளிகையும் இல்லை. வயிறு உப்பியது, போனதெல்லாம் எண்ணெயாகப் போனது, வலி மெல்ல ஹாலுக்கு வந்து உட்கார்ந்தது. அதையும் விரதத்தின் ஒரு பகுதி என்று நினைத்து அவர் தாஹான் பண்ணினார். கேட்டால் அக்கா குளிகையைப் பற்றிக் கேட்பாள் என்று மேலே வராமல் இருந்தார்.

ஒரு காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மாமா. "மச்சான், வா லா. ஜெலுத்தோங் ரோட்டுல ஓரமா நிறுத்திட்டேன். நான் ஓட்ட மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். இரண்டு பக்க விளக்கும் மினுக்கிக்கொண்டு வேன் நின்றது. மாமா ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக் கவிழ்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. சாவியை வண்டியிலிருந்து உருவிக் கையில் இறுக்கமாகப் பிடித்திருந்தார். பின்னால் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தார்கள். பெரியவளே, உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் முன்னிருக்கையில் உட்கார்ந்து மாமாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாய்.

எனக்கு முன்னாலேயே பாய் வந்துவிட்டிருந்தார். பாய் மாமாவின் கூட்டாளி, அவரும் பள்ளி வேன் ஓட்டுகிறவர். இருவரும் தினமும் பள்ளி வாசலில் பக்கத்துப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி வம்பளப்பார்கள். மாமா அவரைத்தான் முதலில் அழைத்திருக்கிறார். பாய் பிள்ளைகளைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். "ஏறுங்க, ஏறுங்க. இன்னைக்கு ஒங்க கேப்டனுக்கு ரெஸ்ட். என் வண்டியில பாட்டெல்லாம் கிடையாது, ஏசி உண்டு!" என்று அவர் சொன்னதில்தான் பிள்ளைகளுக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, வலி அடங்கியதும் டாக்டரம்மா விசாரித்தார். மாமா எல்லாவற்றையும் சொன்னார். அவர் கோபப்படவில்லை. "ஆரம்பத்திலேயே இது எதுல செஞ்சதுன்னு நாங்க சொல்லியிருக்கணும். கேட்கிறவங்களுக்கு மட்டும் சொல்றோம், அது போதாது," என்றார். இப்போதைக்கு இதற்குச் சமமான வேறு மருந்து இல்லை என்றும் சொன்னார். குளிகை வலி மருந்து இல்லை, ஆனால் அது இல்லாமல் சாப்பிட்டால் இந்த மாதிரி நாட்கள் அடிக்கடி வரும். முடிவு உங்களுடையது என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "முருகன் முன்னாடி பன்னியத் தின்னுட்டு எப்படி மச்சான் போயி நிக்கிறது?" என்றார்.

மாலையில் பாய் வந்தார், கையில் அவர் வீட்டம்மா கொடுத்தனுப்பிய கஞ்சியோடு. விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓய், எங்க வாப்பாவுக்கு இதே ஆஸ்பத்திரியில ஒரு ஊசி. அதுவும் பன்னிலேருந்து எடுத்ததுன்னு தெரிஞ்சிச்சு. வாப்பா மாட்டவே மாட்டேன்னுட்டாரு. இமாமக் கூட்டிட்டு வந்தோம். வேற மருந்து இல்லாம, உசுருக்குன்னா போட்டுக்கலாம்னு அவரே சொன்னாரு. நாங்களே போட்டுக்கிட்டோம். ஒன் முருகன் என்ன, எங்களவிடக் கண்டிப்பானவரா?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு வலிக்கும் என்று கையால் அழுத்திக்கொண்டே சிரித்தார். "போ பாய், மனுஷன் சாகக் கெடக்குறான்," என்றார். "சாகுறவன் எவன்யா சாவியப் புடுங்கிக் கையில வச்சிக்கிட்டுப் படுப்பான்? நீ பொழைக்கிற சாதி," என்றார் பாய்.

பாய் போன பிறகு மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு அவராகவே சொன்னார். "நான் எதுக்கு மச்சான் வேண்டிக்கிட்டேன்? வேன் ஓட்டணும்னுதான. வேன ரோட்டோரம் நிறுத்திட்டு யாருக்கு இந்த விரதம்?" தட்டில் பாயின் கஞ்சி இருந்தது. ஒரு வாய் எடுத்தார். மிஸ்ஸி வைத்துவிட்டுப் போன குளிகையை எடுத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு விழுங்கினார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சிக்கல் பெற்றோர்கள். வேன் நடுவழியில் நின்றது அவர்களுடைய வாட்ஸாப் குழுவில் பரவிவிட்டது. கணையம் என்ற வார்த்தையும் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவர் அதை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, குடிகாரர் வண்டியிலா நம் பிள்ளைகள் போகிறார்கள் என்று எழுதியிருந்தார். மாமா எத்தனையோ காலமாகப் பயந்தது இதற்குத்தான். நானே பதில் எழுதிப் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக் குழுவில் அனுப்பினார். எனக்கு இன்றும் அது அப்படியே நினைவிருக்கிறது.

"வணக்கம், வேன் அண்ணன் பேசுறேன். எனக்குக் கணையத்துல நோய் இருக்கு. நான் குடிக்கிறவன் இல்ல, நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். இந்த நோயில வலி வரும். வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கேன். வலி உள்ள நாள்ல, பலமான மாத்திர போட்ட நாள்ல, நான் வண்டியத் தொட மாட்டேன். அன்னைக்கு பாய் வருவாரு. முன்னாடி இத மறைச்சேன், இனிமே குரூப்ல சொல்லிடுவேன். புள்ளைங்கள மாத்திக்கிறவங்க மாத்திக்குங்க, எனக்குக் கோவம் இல்ல."

சிலர் மாற்றிக்கொண்டார்கள். அது அவருக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் பெரும்பாலானவர்கள் இருந்தார்கள். வாட்ச்மேன் என்று பெயர் வாங்கிய பையனின் அம்மா எழுதியிருந்தார்: "எந்த டிரைவர் அண்ணே இப்படிச் சொல்லிட்டு ஓட்டுறாங்க? என் மகன் உங்க வண்டியிலயே வரட்டும்."

தைப்பூசத்தன்று மாமா பால்குடம் எடுத்தார். டாக்டரம்மா சொன்னபடி, ஒரே மூச்சில் ஏறாமல், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். முன்பிருந்த மாமாவாக இருந்தால் உட்கார்வதை மானக்கேடு என்று நினைத்திருப்பார். அன்று ஒவ்வொரு திருப்பத்திலும் குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "எஞ்சின் சூடாயிருச்சு, நிறுத்துவோம்," என்று வெட்கமில்லாமல் உட்கார்ந்தார். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சைவமாக மட்டும் தொடர்ந்த விரதத்தை இறங்கி வந்து தண்ணீர்ப் பந்தலில் முடித்தார். முதல் வாய் சாப்பிட்டார், மடியிலிருந்து குளிகையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பரிமாறிய அக்கா ஒருவர், "என்ன தம்பி, சாப்பிட்டுக்கிட்டே மாத்திர போடுற?" என்று கேட்டார். "சோறு கரையணும்ல அக்கா. என் உள்ள இருக்குற மிசின் பழசு, இது ஸ்பேர் பார்ட்," என்றார். பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று போட்டார். பாயசத்தை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார்.

அதே வருடம் வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை உடைத்து எடுத்தார்கள். வலி இன்னும் இறங்கியது. முழுதாகப் போய்விடவில்லை, போகவும் போகாது. பிற்பாடு சர்க்கரையும் வந்து சேர்ந்தது, அதையும் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஒரு மாதத்தில் கெட்ட நாள் எத்தனை என்று முன்பு எண்ணிக்கொண்டிருந்தவர் இப்போது எண்ணுவதில்லை. கல்யாணம் செய்துகொண்டு, கடல் பாலத்தைத் தாண்டிக் கெப்பாலா பத்தாஸ் பக்கம் குடிபோய்விட்டார். அங்கேயும் பள்ளி வேன்தான். அங்கேயும் ஓர் இன்ஸ்பெக்டர், ஒரு தவுக்கே. கெட்ட நாளில் ஓட்டுவதற்கு அங்கேயும் ஒரு கூட்டாளியைப் பிடித்து வைத்திருக்கிறார். வயிற்றில் இருந்த அந்த வலைக்கோடு மங்கி, தேடினால்தான் தெரியும்.

குடிபோகும் அன்று நான் இந்தப் பையை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. "இங்கயே இருக்கட்டும் மச்சான். கையில இருந்தா நான் யாரையும் கேக்க மாட்டேன்," என்றார்.

அதனால்தான் அம்மா அதைக் குப்பையிலிருந்து எடுத்தாள். அது ஓட்டை என்று மாமாவுக்கும் தெரியும். அவர் வீட்டில் மின்சாரத்தில் சூடாகும் நல்ல பை ஒன்று இருக்கிறது, அத்தை துண்டில் சுற்றித்தான் கொடுப்பாள். இருந்தாலும் கெட்ட நாள் என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வரும். "அக்கா, பை இருக்கா?" என்பார். "இருக்குடா," என்பாள் அம்மா. என்ன சாப்பிட்டாய், மாத்திரை போட்டாயா, வண்டி யார் ஓட்டுகிறார்கள் என்று பேச்சு போகும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

நேற்று மாலை நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது சின்னவள் நொண்டிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுவரைப் பார்த்தபடி, "அம்மா, பை இருக்கா?" என்று கேட்டாள். அம்மா அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இருக்கு. ஒக்காரு. காலக் காட்டு."